கவிழ்த்து வைத்த சிங்க்

கடைசி மூச்சுவரைக்கும் காது மட்டும் குறையில்லாமல் கேட்டுக்கொண்டிருந்த என் அமீர் பாய்க்கு,

அர்ச்சுனன் பேசுகிறேன். கடையில் ஆள் நின்றால் "நீங்க", ஆள் போய்விட்டால் "நீ". நாற்பது வருஷம் உன்னை அப்படித்தான் கூப்பிட்டேன். இப்போது கடையும் இல்லை, ஆளும் இல்லை. அதனால் "நீ" என்றே வைத்துக்கொள்கிறேன்.

இதை எழுதுவது உன் மகள் சபீனா. என் கைக்கு டெஸ்டர் பிடிக்கத் தெரியும், பேனா பிடிக்கத் தெரியாது. நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. உன் நினைவாகச் சொந்தக்காரர்களும் கடைவீதிக்காரர்களும் ஆளுக்கு நாலு வார்த்தை சொல்லி, சின்னப் புத்தகமாகப் போடுகிறார்கள். நாற்பது வருஷம் உன் எலக்ட்ரிக் கடை வயர்மேனாக இருந்தவன், நான் சொல்லாமல் இருக்கலாமா என்று கேட்டாள். அவள் தமிழ் டீச்சராக இருந்தவள் ஆயிற்றே, நான் "இன்னா" என்றால் "என்ன" என்று எழுதுகிறாள். என் வாயில் "வூடு" என்று போவது அவள் பேனாவில் "வீடு" என்று வருகிறதாம். ஆள் ஆள் வாய்விட்டுப் பேசினதை மட்டும் பேசினபடியே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

இன்று காலையில் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவள் இன்னொன்றும் சொன்னாள். "அந்தக் கடல் தொட்டி இனிமே உங்களுது மாமா. நைனார்பாளையத்துல உங்க வூட்டுக்கு எடுத்துக்கினு போங்க. அத்தா இருந்திருந்தா உங்களுக்குத்தான் குடுத்திருப்பாரு."

நான் தலையாட்டவில்லை. எனக்கென்று இந்த உலகத்தில் வேண்டியது இப்போது அந்தத் தொட்டி ஒன்றுதான். ஆனால் நான் யார் என்று தெரிந்து அவள் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கேட்டபிறகும் கொடுப்பாளா, இல்லை வாசலைக் காட்டுவாளா, தெரியாது. சபீனா, நடுவில் பேனாவை வைக்காமல் எழுது தாயி.

பாய், கடையை ஒரேயடியாகப் பூட்டிய பிறகு உனக்கு என்ன கிறுக்குப் பிடித்ததோ, சென்னையில் யாரோ சொந்தக்காரர் வீட்டில் பார்த்துவிட்டு வந்து, எனக்கும் கடல் தொட்டி வேண்டும் என்றாய். கள்ளக்குறிச்சிக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? கண்ணாடிக் கடையில் இரண்டடிக்கு வெட்டி ஒட்டி வாங்கினாய். கடலூரிலிருந்து கேன் கேனாகத் தண்ணீர் வந்து இறங்கியது. "பாய் வூட்ல உப்பு காய்ச்சப் போறாரு" என்று டீக்கடையில் சொல்லிச் சிரித்தார்கள். உனக்கு அந்தச் சிரிப்பும் பிடித்திருந்தது.

அப்புறம் பாறை வந்தது. பாறையில் ஒட்டிக்கொண்டு, சட்டைப் பொத்தான் அளவுக்குப் பவளம் வந்தது. பவளம் என்றால் மோதிரத்தில் பதிக்கிற கல் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். இதற்கு உயிர் இருந்தது. வெளிச்சம் பட்டால் பூப்போல விரிந்தது, இருட்டினால் சுருங்கிக்கொண்டது. வெளிச்சம்தான் அதற்குச் சோறு என்றாய். அந்தச் சோறு போடுகிற விளக்கு ரெடிமேடாகவே விற்கிறது, ஆனால் நீ வாங்கவில்லை. "நாப்பது வருசம் ஊருக்கே லைட்டு போட்டவங்கடா நம்ம. இதப் போயி அடுத்தவன்கிட்ட வாங்குவாங்களா?" என்றாய். அது உன் திமிர். எனக்கும் அது பிடித்திருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

போனில் ஒரு வெள்ளைக்காரன் எல்ஈடி விளக்கு செய்துகாட்டினான். அவன் இங்கிலீஷில் பேசினான், நீ எனக்குத் தமிழில் சொன்னாய். அவன் அஞ்சு நிமிஷம் பேசினால் நீ ஒரு வரி சொல்வாய். இவ்வளவுதானா பாய் என்று கேட்டால், "மிச்சம் உனுக்கு வாணாம்டா" என்பாய்.

ஒரு இடத்தில் வீடியோவை நிறுத்திவிட்டு, "எல்ஈடிய சிங்க்ல ஒட்டணுங்கறான்" என்றாய்.

"பாத்திரம் கழுவற சிங்க்கா?"

"வேற எத்தினி சிங்க்டா இருக்குது ஊர்ல?"

மறுநாளே டைல்ஸ் கடையிலிருந்து சின்னதாக ஒரு எவர்சில்வர் சிங்க் வந்தது, தண்ணீர் போகிற ஓட்டையோடு. அந்த வெள்ளைக்காரன் கையில் இருந்தது வேறு. பட்டை பட்டையாகச் சீப்புப் பல் மாதிரி அலுமினியம். பழைய ஆம்ப்ளிபயர் முதுகில் எத்தனை தடவை அதைக் கழற்றி மாட்டியிருப்பேன்! சூட்டை இழுத்து வெளியே விடுகிற கட்டை அது, ரேடியோ மெக்கானிக்குகள் ஹீட் சிங்க் என்பார்கள். சொன்னேன். நீ கேட்கவில்லை.

"இங்கிலீஷ் உனுக்குத் தெரியுமா, எனுக்குத் தெரியுமா?" என்றாய்.

சிங்க்கைத் தொட்டிக்கு மேல் கவிழ்த்துச் சங்கிலியில் தொங்கவிட்டேன். உள்பக்கம் வெள்ளை எல்ஈடி ஒரு வரிசை, நீலம் இரண்டு வரிசை ஒட்டி, ஈயம் வைத்து வயரை இணைத்தேன். சுவிட்சைப் போட்டு அரைமணி நேரத்தில் சிங்க் கொதித்தது. தோசை வார்க்கலாம் போல இருந்தது. இரண்டு எல்ஈடி கருகிப்போனது. நீ வெளியே போயிருந்த நேரம் பார்த்து, ஜன்னல் செய்கிற அலுமினியச் சட்டத்தை அறுத்து, எல்ஈடிக்கும் சிங்க்குக்கும் நடுவில் வைத்து முடுக்கினேன். சாக்கடைக் குழாய் போக வேண்டிய ஓட்டையில் பழைய கம்ப்யூட்டர் காற்றாடியை மாட்டினேன். சூடு அடங்கிவிட்டது. நீ வந்து தொட்டுப் பார்த்துவிட்டு என்ன சொன்னாய் தெரியுமா?

"பாத்தியா? ஓட்டை எதுக்கு வெச்சிருக்கான்னு இப்பத் தெரியுதா?"

சபீனா சிரிக்கிறாள். சிரிக்கட்டும். இதற்குமேல் சிரிப்பு இல்லை.

முதல் நாள் வெளிச்சம் ஜாஸ்தியாகிப் பவளம் வெளுத்ததும், சங்கிலியை இரண்டு சாண் ஏற்றியதும், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியதும் உனக்கே தெரியும். சாயங்காலம் வெள்ளையை அணைத்துவிட்டு நீலத்தை மட்டும் விட்டால், ஒவ்வொரு பொத்தானும் பச்சையாகத் தணல் போலக் கனியும். நீ வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பாய். நீ பேசாமல் இருந்து நான் பார்த்தது அந்தத் தொட்டிக்கு முன்னால்தான்.

அந்த வருஷமே சர்க்கரை உன் கண்ணில் இறங்கியது. முதலில் பேப்பர் எழுத்து போனது. அப்புறம் ஆள் முகம். கடைசியில் பகல் எது ராத்திரி எது என்பதும் போனது. முன்னறையில் தொட்டி பக்கத்திலேயே கட்டிலைப் போடச் சொன்னாய். சபீனா அப்போது கட்டிக்கொடுத்த ஊரில் இருந்தாள், விடுமுறைக்குத்தான் வருவாள்; நீ போன பிறகுதான் வேலையை விட்டு இங்கேயே வந்துவிட்டாள். சமையலுக்கு வருகிற அம்மா சமையலறையைத் தாண்ட மாட்டாள். நான் தினமும் காலையில் நைனார்பாளையத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, பத்து மணிக்கு விளக்கைப் போடுவேன். அரைமணி கழித்து நீ கட்டிலில் எழுந்து உட்கார்ந்து ஒரே வார்த்தை சொல்வாய்.

"படிடா."

பேப்பரைப் படிக்கச் சொல்லவில்லை, எனக்கு ஏது படிப்பு? தொட்டியைத்தான். நான் கண்ணாடிக்கு முன்னால் குந்திக்கொண்டு படிப்பேன். பாறையின் மேல் ஆறு, இடது பள்ளத்தில் ஒன்பது, அடியில் ஏழு, ஆக மொத்தம் இருபத்திரண்டும் விரிந்திருக்கிறது. ஓரத்தில் இருப்பது பாதிதான் விரிந்திருக்கிறது. சின்னது ஒன்று குட்டி போட்டிருக்கிறது. நீ விரலை மடக்கிக்கொண்டே கேட்பாய். எனக்கு வந்த கடிதாசி, கல்யாணப் பத்திரிகை, பட்டா நோட்டீசு எல்லாவற்றையும் நீ படித்துக் காட்டி நான் கேட்டேன். கடைசியில் நான் படிக்க நீ கேட்டாய். அந்த இரண்டு மாசம் நான் நடந்த நடையே வேறு.

ஒரு நாள் காற்றாடி நின்றுபோனது. வேறு காற்றாடி இருக்குமா என்று வீட்டில் என் தகரப் பெட்டியைக் கவிழ்த்தேன். அடியில் முத்திரை குத்திய காகிதம் ஒன்று கிடந்தது. படிக்கத் தெரியாதவன் காகிதத்தைத் தூக்கிப் போட மாட்டான், எதில் என்ன இருக்கிறதோ என்ற பயம். என் மருமகள் செல்வி ஆஸ்பத்திரியில் நர்ஸ், இங்கிலீஷ் படிப்பாள். எதற்கும் இருக்கட்டும் என்று அவளிடம் நீட்டினேன்.

அவள் இரண்டு தடவை படித்துவிட்டு, "மாமா, இது உங்கள வேலைக்கி வரச் சொன்ன கடிதாசி" என்றாள்.

பாய், அந்தக் காகிதம் வந்த நாள் உனக்கு மறந்திருக்கலாம். எனக்கு எதுவும் மறக்காது, அதுதான் என் வியாதி. கல்வராயன் மலைக்குக் கரண்ட் போன காலம். கரியாலூர் பக்கம் கம்பம் தூக்கிக் குழி தோண்டின தினக்கூலியில் நானும் ஒருத்தன். வேலை முடிந்து இறங்கி வந்து, உன் கடையில் எடுபிடியாக ஒட்டிக்கொண்டிருந்தேன். கரண்ட் ஆபீசில் என்னை நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. தபால் வர எனக்கு விலாசம் கிடையாது, உன் கடை விலாசத்தைத்தான் கொடுத்திருந்தேன். அன்றைக்குத் தூறல். நீ கட்டம் போட்ட கைலி கட்டியிருந்தாய், காதில் பென்சில் செருகியிருந்தாய். உறையைக் கிழித்து, காகிதத்தைப் பிரித்து, கொஞ்ச நேரம் பார்த்தாய்.

"வேலை முடிஞ்சிபோச்சாம்டா. வந்தவங்களுக்கெல்லாம் நன்றின்னு போட்டிருக்கான். நீ இங்கியே இரு."

எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தாய். அதில் சர்க்கரை கம்மி.

செல்வி படித்தபோது அதில் நன்றியும் இல்லை, ஒன்றும் இல்லை. கம்பம் தூக்கின நாட்களுக்கு மேஸ்திரி கொடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு பதினைந்து நாளுக்குள் நேரில் வா, வேலை நிரந்தரம் என்று இருந்தது. என்னோடு குழி தோண்டின கோவிந்தனுக்கும் இதே காகிதம்தான் வந்திருக்க வேண்டும். அவன் போனான். காக்கிச் சட்டை போட்டான், லைன்மேன் ஆனான். அவனுக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது என்று நான் உன்னைக் கேட்டேன். "யாரையோ புடிச்சிருப்பான்டா" என்றாய். அந்த வார்த்தையை நம்பி, அவன் சாகிற வரைக்கும் அவனிடம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு தடவை பஸ்ஸில் பக்கத்து சீட்டு காட்டிக் கூப்பிட்டான். நின்றுகொண்டே வந்தேன்.

அன்று ராத்திரி நான் அழவில்லை. உன்னை நேரில் கேட்கவும் நினைக்கவில்லை. கேட்டால் நீ ஏதாவது பதில் சொல்வாய். நீ சொன்னால் நான் நம்பிவிடுவேன். நாற்பது வருஷப் பழக்கம் அது.

மறுநாள் பத்து மணிக்கு வந்தேன். காற்றாடியை மாற்றினேன். விளக்கைப் போட்டேன். இருபத்திரண்டும் நன்றாக விரிந்து, தண்ணீர் அசைகிற பக்கமெல்லாம் அசைந்துகொண்டிருந்தது. நீ எழுந்து உட்கார்ந்தாய்.

"படிடா."

"இருபத்தொண்ணு" என்றேன்.

சபீனாவின் பேனா நின்றுவிட்டது. என்னைப் பார்க்கிறாள். எழுது தாயி. நான் சொன்னதைத்தான் நீ எழுதுகிறாய், இது நீ செய்ததில்லை.

உன் விரல் மடங்காமல் நின்றது. "எண்ணிப் பாருடா" என்றாய். எண்ணிப் பார்க்கிற மாதிரி கண்ணாடியை விரலால் தட்டிக்கொண்டே போய், "இருபத்தொண்ணுதான். பாறை மேல இருந்தது ஒண்ணு கரைஞ்சிபோச்சி" என்றேன்.

அப்படி ஆரம்பித்தேன். ஒரே நாளில் முடித்திருக்கலாம். ஒரு நாளைக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டேன். எந்த இடத்தில் இருந்தது, எப்படிச் சுருங்கியது, எப்படி வெள்ளையாகிப் பாறையை விட்டு உரிந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சாவு சொன்னேன். முதல் தடவை வெளுத்ததைப் பார்த்திருந்தேனே, அதனால் பொய்க்குக் கஷ்டப்படவில்லை. நாற்றம் வரவில்லையே என்று கேட்டாய். செத்ததை அன்றன்றைக்கே எடுத்து எறிந்துவிடுகிறேன் என்றேன். விளக்கை ஒரு கண்ணி ஏற்று என்பாய். சங்கிலியைக் கையால் ஆட்டிச் சத்தம் காட்டிவிட்டு, அங்கேயே விட்டுவிடுவேன். கம்மி பண்ணு என்பாய். திருகியைத் தொடாமலே, "பண்ணிட்டேன் பாய்" என்பேன்.

அந்த நாட்களில்தான் அவை மளமளவென்று பெருகின. அதையும் உனக்குச் சொல்லியாக வேண்டும். உன்னிடம் "பத்து" என்று சொன்ன காலையில் கண்ணாடிக்குப் பின்னால் இருபத்தாறு இருந்தது.

எனக்கு இனித்தது. பொய் சொல்வானேன்? பஸ்ஸில் வரும்போதே இன்றைக்கு எதைச் சாகடிக்கலாம் என்று யோசித்துக்கொண்டு வருவேன். நான் என் வேலையை ஒரே நிமிஷத்தில் இழந்தேன், தூறலில், ஒரு டீயோடு. உனக்கு இருபத்திரண்டு நாள் கொடுத்தேன்.

கடைசி நாள் நீ "படிடா" என்று சொல்லவில்லை. "ஒண்ணு கூடவா இல்ல?" என்று கேட்டாய்.

"ஒண்ணு கூட இல்ல பாய்."

"என் சிங்க்தான்டா கொன்னுச்சி. நீ அன்னிக்கே சொன்ன, நான்தான் கேக்கல" என்றாய். நாற்பது வருஷத்தில் நீ தப்பு செய்தேன் என்று ஒப்புக்கொண்ட ஒரே தடவை அது. அப்போதாவது நான் வாயைக் கட்டியிருக்கலாம். விளக்கின் சூடு உன் பாதத்தில் படுகிற தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தாய்.

"ஆமா" என்றேன்.

அன்றைக்கே கட்டிலைப் பின்னறைக்கு மாற்றச் சொன்னாய். தொட்டி மோட்டார் சத்தம் இன்னும் கேட்கிறதே என்று நீ கேட்டதற்கு, தண்ணீர் நாறாமல் இருக்க ஓடவிட்டிருக்கிறேன் என்றேன். இனிமேல் இந்த வீட்டில் தொட்டிப் பேச்சையே யாரும் எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டாய். எனக்கு அது ரொம்ப வசதியாகப் போய்விட்டது. நான் தினமும் வருவேன், முன்னறையில் விளக்கைப் போட்டு அவற்றுக்குச் சோறு போடுவேன், பின்னறைக்கு வந்து உனக்குக் காலைப் பிடித்துவிடுவேன். நாலு மாசம். சுவருக்கு அந்தப் பக்கம் அது பூத்துக்கொண்டிருந்தது, இந்தப் பக்கம் நீ படுத்திருந்தாய். நீ போன அன்று முப்பத்தொன்று. அதற்கப்புறமும் வந்து விளக்கைப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

சபீனா இப்போது என்னைக் கேட்கிறாள். "அதனாலதான் கட்டில மாத்தச் சொன்னாரா? நான், பாக்க முடியாத வருத்தத்துல சொல்றாருன்னு நெனச்சேன் மாமா. அந்தப் பேச்ச எடுத்தா மனசு நோவும்னு, ஒரு நாள் கூட நான் எடுக்கல."

ஆமாம் தாயி. நீ ஒரு நாள் எடுத்திருந்தால் நான் அகப்பட்டிருப்பேன். இதையும் எழுது.

நாற்பதாம் நாள் ஓதிச் சோறு போட்டார்கள். கடைவீதி முழுக்க வந்திருந்தது. பந்தியில் உட்கார்ந்து ஆளுக்கு ஆள் உன்னைத் தூக்கி வைத்துப் பேசினார்கள். படிக்காதவனுக்கெல்லாம் பாய்தான் கண்ணாக இருந்தார் என்று ஒருத்தர் சொன்னார். எனக்கு எரிந்தது. எல்லாரும் சிரிக்கட்டும் என்று அந்தச் சிங்க் கதையைச் சொன்னேன். நீ பேசின மாதிரியே பேசிக் காட்டினேன், "வேற எத்தினி சிங்க்டா இருக்குது ஊர்ல" என்று. எல்லாரும் சிரித்தார்கள். கறி பரிமாறிக்கொண்டிருந்த சபீனாவும் சிரித்துவிட்டுச் சொன்னாள்:

"அத்தாவுக்கு இங்கிலீஷ் எங்க மாமா தெரியும்? நான் ஒண்ணாவது படிக்கறப்ப எங்கூட ஒக்காந்துதான் ஏபிசிடியே எழுதிக் கத்துக்கினாரு. அதும் பெரிய எழுத்து மட்டும். கடைக்கி வர்ற பொட்டிங்கள கலர வெச்சித்தான் கண்டுபுடிப்பாரு. வெளில சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காரு. இனிமே இன்னா, சொல்லலாம்."

மறுபடியும் சிரித்தார்கள். என் கையில் இருந்த சோறு வாய்க்குப் போகவில்லை.

அந்த இங்கிலீஷ் காகிதம் வந்தபோது சபீனா பிறக்கவே இல்லை.

உனக்குத் தமிழ் தெரியும். கடையில் உட்கார்ந்து பேப்பரை உரக்கப் படிப்பாய், தெருவே கேட்கும். சட்டைப் பையில் பேனா வைத்திருப்பாய். தமிழ் படிக்கிறவன் எல்லாமே படிப்பான் என்று நான் நினைத்தேன். எழுத்து எனக்கு ஒரே காடு, அதில் இது தமிழ் மரம் இது இங்கிலீஷ் மரம் என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியாது. உனக்கும் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் அந்தத் தூறல் நாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். என் ஞாபகத்தில் எல்லாம் அப்படியே இருக்கிறது. உறையைக் கிழிக்கிறாய், காகிதத்தைப் பிரிக்கிறாய். உன் கண் நேராகக் கீழே போகிறது, முத்திரைக்கு. அங்கே நிற்கிறது. அப்புறம் தலைப்பில் இருக்கிற சிங்க முகத்துக்குப் போகிறது. நடுவில் எழுத்து இருக்கிற இடத்துக்கு உன் கண் வரவே இல்லை. படிக்கத் தெரிந்தவர்கள் மேலிருந்து கீழே போவார்கள் பாய், செல்வி அப்படித்தான் போனாள். முத்திரையை முதலில் பார்க்கிறவன் நான். என் மாதிரி ஆட்கள். நாற்பது வருஷமாக அந்தப் பார்வை என் தலைக்குள்ளேயே இருந்தது. எடுத்துப் பார்க்கவில்லை. சிங்க்கைக் கவிழ்த்த அன்றைக்காவது உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லையே.

ஆனால் உன்னை நான் முழுசாக விடவும் மாட்டேன். உனக்குப் படிக்கத் தெரியாது, சரி. தெரியாது என்று சொல்லியிருந்தால் பக்கத்துக் கடை வக்கீல் குமாஸ்தாவிடம் நானே கொண்டுபோயிருப்பேன். "வேலை முடிஞ்சிபோச்சாம்" என்பது உன் யூகம் என்றே வைத்துக்கொள்கிறேன். "நன்றி" என்பதும் யூகம்தான். "நீ இங்கியே இரு" என்றாயே, அது யாருடையது? அது காகிதத்தில் இருந்ததாக நினைத்துச் சொன்னாயா, உன் மனதில் இருந்ததைச் சொன்னாயா? கோவிந்தன் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு கடைக்கு முன்னால் போனபோது உனக்குப் புரிந்ததா, புரியவில்லையா? புரிந்தும் பேசாமல் இருந்தாயா? கூச்சமா? இல்லை, நான் இல்லாமல் கடை ஓடாது என்ற பயமா?

கேட்டிருக்கலாம். நாலு மாசம் உன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு இருந்தேன். உன் வாய் நன்றாகத்தான் இருந்தது. ஒரு கேள்வி. அதைக் கேட்காமல் உன் கண்ணுக்கு முன்னால் இருபத்திரண்டு உயிரைக் கொன்றேன், உன் கண்ணுக்கு முன்னால் எதுவும் தெரியாது என்ற தைரியத்தில். நீ தெரியாமல் படித்தாய். நான் தெரிந்தே படித்தேன்.

அவ்வளவுதான் பாய் விஷயம். அந்தக் காகிதத்தையும் கொண்டுவந்திருக்கிறேன். இப்போது சபீனா முன்னால் வைக்கிறேன்.

அவள் படித்தாள். மேலிருந்து கீழே. மடித்து, பழைய மடிப்பிலேயே மடித்து, என்னிடம் கொடுத்துவிட்டாள். எழுந்து போனாள். முன்னறையில் தொட்டிக்கு முன்னால் நின்றாள். இன்றைக்கு ஐம்பதுக்கு மேல் விரிந்திருக்கிறது, பாறையில் இடமில்லாமல் கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிங்க்கின் ஓரமெல்லாம் உப்பு பூத்திருக்கிறது, அதைத் துடைக்க வேண்டும். நான் செருப்பைப் பார்த்தேன். இவள் போ என்று சொல்வதற்கு முன்னால் நாமே போய்விடலாமா என்று இருந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்க்காமல், எழுதுகிற காகிதத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"தொட்டி உங்களுக்கு இல்ல மாமா. இங்கியே இருக்கட்டும். அத்தா கட்டில மறுபடி முன்னறையில போடச் சொல்றேன். தினம் பத்து மணிக்கு வாங்க. லைட்ட போட்டுட்டு, அந்தக் கட்டில்கிட்ட நின்னு, எத்தினி இருக்குதுன்னு வாய்விட்டு படிச்சிட்டுப் போங்க. உள்ளத உள்ளபடி படிங்க. நான் சமையலறையில இருந்து கேட்டுக்கினு இருப்பேன்."

"எத்தினி நாளைக்கி தாயி?" என்று கேட்டேன்.

"உங்களால வர முடியற வரைக்கும்" என்றாள்.

மன்னித்தாளா என்று கேட்காதே, எனக்கே தெரியாது. நான் சொன்னதையெல்லாம் எழுதினாளா, சிலதை விட்டாளா, அவள் அத்தாவுக்காக ஒரு வரி கூட்டினாளா, அதுவும் தெரியாது. முதலிலிருந்து கடைசிவரை எனக்குப் படித்துக் காட்டினாள். அவள் கண் காகிதத்தில் மேலிருந்து கீழேதான் போனது, அதைப் பார்த்துக்கொண்டேன். அவ்வளவுதான் என்னால் முடியும்.

நாளைக்கு வருகிறேன் பாய். பத்து மணிக்கு விளக்கைப் போடுவேன். நீ "படிடா" என்று சொல்ல வேண்டாம், நானே படிப்பேன். இடுப்பு விடுகிற வரைக்கும், பஸ் ஏற முடிகிற வரைக்கும் ஒன்று கூட்டாமல், ஒன்று குறைக்காமல் படிப்பேன். ஒரு நாள் நிஜமாகவே ஒன்று செத்தால், அதையும் படிப்பேன். அப்போது நீ நம்புவாயா?

படிக்கக் கேட்டு, சரி என்று நம்பி வைத்த கைநாட்டு. இடது பெருவிரல்.
உன் தம்பி,
அர்ச்சுனன்